குமிழிச் சம்பந்திகள்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் மூன்றாம் மாடிக் கணினி அறையில் இருந்த குமிழி மேடம். மற்றவர் அடித்தளத்தில் தன் நுண்ணோக்கியோடு குடியிருந்த பூதக்கண்ணாடி சார். இரண்டும் சக ஊழியர்கள் வைத்த பெயர்கள். அன்போடுதான் வைத்தார்கள். கூப்பிடும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிட்டார்கள்.

இருவரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தார்கள். அணு உலைக்குள் வைக்கிற உலோகக் குழாய்களை நியூட்ரான்கள் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும். அந்த மோதலில் உலோகத்துக்கு உள்ளேயே ஹீலியம் வாயு, அணு அணுவாகப் பிறக்கும். பலூனில் அடைக்கிற அதே வாயு. பலூனிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கசிந்து ஓடத் தெரிந்த அதற்கு, உலோகத்திலிருந்து வெளியே போக வழி தெரியாது. உலோகத்துக்கும் அதைக் கண்டால் ஆகாது. ஆகவே, முன்பின் தெரியாத கல்யாணத்துக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்து ஒன்றாக உட்கார்ந்துகொள்வதைப் போல, அந்த வாயு அணுக்கள் ஓரிடத்தில் கூடிவிடும். அந்தக் கூட்டம்தான் குமிழி. குமிழிகள் பெருத்தால் குழாய் உப்பும். இன்னும் பெருத்தால் விரிசல் விடும். குழாய் எவ்வளவு காலம் தாங்கும், எப்போது கழற்றி மாற்ற வேண்டும் என்று வடிவமைப்புப் பிரிவு இவர்கள் இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தது.

மேடம் கணினியில் ஒரு குமிழியை அணு அணுவாக அடுக்கி ஓடவிடுவார். இயந்திரம் ஒரு வாரம் முழுக்க இரைந்து ஓடினாலும், குமிழியின் வாழ்க்கையில் கண் இமைக்கும் நேரம்கூடக் கழிந்திருக்காது. ஆனால் அதற்குள் குமிழி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளந்துவிடலாம். அந்த வேகத்தை எடுத்து இன்னொரு நிரலில் போட்டு, ஆயிரக்கணக்கான குமிழிகளை வருடக்கணக்கில் உலவ விடுவார். அவை ஒன்றையொன்று முட்டி, சேர்ந்து, பெரிதாகும். சாரோ நிஜமான குழாயிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, ஊடுருவிப் பார்க்கும் அளவுக்கு மெலிதாக்கி, படம் எடுப்பார்.

மேடத்தின் கணக்கில் குமிழிகள் பட்டாணி என்றால், சாரின் படங்களில் அவை கடுகு.

"மேடம், உங்க குமிழிங்க நடைப்பயிற்சி போகுது," என்பார் சார், கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும். "என் குமிழிங்க இருந்த இடத்துல உட்கார்ந்திருக்கு."

"உங்க குமிழி உயிரோடவா இருக்கு சார்? வெட்டி, தேய்ச்சு, அமிலத்துல முக்கி எடுத்தப்புறம் எது எழுந்து நடக்கும்?"

"நான் இருக்கிறதைப் பார்த்துச் சொல்றேன். நீங்க நினைச்சதைப் பார்த்துச் சொல்றீங்க."

"பார்க்க முடியாததைச் சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளமே!"

கூட்டத்தை நடத்துபவர் இந்த இடத்தில் தேநீர் கொண்டுவரச் சொல்வார். வடிவமைப்புப் பிரிவின் தலைவி, இருவரைவிடவும் வயதில் இளையவர், எதற்கும் இருக்கட்டும் என்று பட்டாணியை நம்பிக் குழாய்களைச் சீக்கிரமே கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார். இதில் சாருக்குத் தீராத மனக்குறை.

இப்படிப்பட்ட நிலைமையில்தான் மேடத்தின் மகள் ஒரு நாள் மாலை, சாப்பாட்டு மேசையில் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்," என்றாள்.

மகள் பல் செட் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தாள். அளவெடுப்பதிலும் அளந்து பேசுவதிலும் அம்மா மாதிரி. மேடத்தின் கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வேலையின் குரல் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும்.

"பயணிகளின் கவனத்திற்கு," என்றார் அவர். "மாப்பிள்ளை எந்தத் தடத்துல வர்றார்?"

"லிஃப்ட் மெக்கானிக், அப்பா. எங்க பட்டறைக் கட்டடத்துல லிஃப்ட் மாட்டிக்கிச்சு, உள்ள நான் மட்டும். வெளியில நின்னு பேச்சுக் கொடுத்துக்கிட்டே சரி பண்ணான். லிஃப்ட் திறந்தப்புறமும் பேச்சு முடியல."

"நல்ல பையனா?" என்றார் மேடம்.

"நல்ல பையன்மா. குடும்பமும் நல்ல குடும்பம். அம்மா மருந்துக்கடை வச்சிருக்காங்க. அப்பா..." மகள் தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்ததும் இன்னொரு தம்ளர் ஊற்றிக்கொண்டாள். "அப்பா உங்க ஆபீஸ்தான்மா. கீழ, நுண்ணோக்கி அறையில."

மேடத்தின் கையிலிருந்த ரொட்டித் துண்டு அங்கேயே நின்றது.

"வருந்துகிறோம்," என்றார் கணவர், நிலையத்துக் குரலில். "இந்த வண்டி காலவரையின்றித் தாமதமாகும்."

"சும்மா இருங்க!" என்றார் மேடம். பிறகு மகளிடம் திரும்பி, "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அங்கயும் இப்ப இதே நேரத்துல சொல்லணும்னு பேசி வச்சிருக்கோம். ஒருத்தர் முந்திக்கிட்டா மத்தவருக்குக் கோபம் வரும்ல?"

மறுநாள் காலை மேடம் படியேறிக்கொண்டிருந்தார். சார் இறங்கிக்கொண்டிருந்தார். வழக்கமாக இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்துபோவார்கள். அன்று இருவரும் நின்றார்கள். சார் தொண்டையைச் செருமினார். மேடம் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"கேள்விப்பட்டீங்களா?"

"கேள்விப்பட்டேன்."

"உங்க பொண்ணைப் பத்தி என் பையன் நல்லாத்தான் சொல்றான்."

"உங்க பையனைப் பத்தி என் பொண்ணும் அப்படித்தான் சொல்றா. யார் பையன்னு கேட்கிறவரைக்கும் எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

சார் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். மீசை கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. ஒரே ஒரு வேண்டுகோள். அந்தச் சனியன் பிடிச்ச விஷயத்தை மட்டும் பேச வேண்டாம்."

"எந்த விஷயம்?"

"அதான்... உருண்டையா இருக்குமே."

"நான் வாயே திறக்க மாட்டேன், சம்பந்தி," என்றார் மேடம். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு, மீதிப் படிகளை வேகமாக ஏறிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சார் வீட்டம்மா சிரித்த முகம், சுருக்கமான பேச்சு. மருந்துக்கடைப் பழக்கத்தில் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். மாப்பிள்ளைப் பையன் புதுச் சட்டையில், கழுத்துப் பட்டையோடு போராடிக்கொண்டிருந்தான். வானிலை பற்றிப் பேசினார்கள். மழை பற்றிப் பேசினார்கள். வானிலை என்றாலே மழைதான் என்பது தெரிந்ததும் பேச்சு நின்றுபோயிற்று.

மேடத்தின் கணவர் உதவிக்கு வந்தார். கையிலிருந்த சோடா தம்ளரைத் தூக்கிப் பார்த்து, "அடடா, எவ்வளவு கு..." என்று ஆரம்பித்தார். மகள் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். "...குளிர்ச்சியா இருக்கு," என்று முடித்தார்.

சார் தன் தம்ளரை உற்றுப் பார்த்தார். மேடமும் தன்னுடையதைப் பார்த்தார். சோடாவில் சின்னச் சின்னதாகப் பல ஏறிக்கொண்டிருந்தன. இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாயின. மேடத்தின் உதடு துடித்தது.

"பாருங்க, நகருது," என்றார் மெல்ல.

"தண்ணியில நகரும் மேடம். இரும்புல நகரட்டும் பார்க்கலாம்."

"அப்பா!" என்றான் பையன். "அம்மா!" என்றாள் பெண்.

சார் வீட்டம்மா எழுந்தார். "சம்பந்தியம்மா, உள்ள வாங்க. தேநீர் போடலாம். உங்க இரண்டு பேருக்கும் நடுவுல ஒரு சுவர் இருந்தாத்தான் நல்லது."

சமையலறை அத்தனை துப்புரவு. டப்பாக்கள் உயர வரிசையில் நின்றன. சர்க்கரை எடுத்துத் தரச் சொன்னார் சார் வீட்டம்மா. மேடம் டப்பாவைத் தூக்கியதும் அலமாரித் தட்டில் விரித்திருந்த தாள் கண்ணில் பட்டது. வழவழப்பான, கெட்டியான படத்தாள். சாம்பல் நிறத்தில் கொசு கடித்த தோல் மாதிரி மங்கலான புள்ளிகள்.

"இது என்னங்க, இதுகூடக் குமிழியா?"

"அவர் கழிச்சுப் போட்ட படங்க. திரையில பார்த்தா கண்ணு ஏமாத்தும்னு எல்லாத்தையும் தாள்ல போட்டுத்தான் பார்ப்பார். பிடிக்காததை வீசிடுவார். நல்ல தாளு, தண்ணி பட்டாலும் ஊறாது, துடைச்சா போதும். அதான் கேட்டு வாங்கி அலமாரிக்குப் போட்டிருக்கேன்."

மேடம் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். காபித்தூள் டப்பாவை நகர்த்தினார். உப்பு டப்பாவை நகர்த்தினார். பிறகு, வந்த இடம் எது, வந்த காரியம் எது என்பதெல்லாம் மறந்து, கீழ்த்தட்டு முழுவதையும் காலி செய்து தரையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

சார் கூட்டத்தில் காட்டுகிற படங்களில் குமிழி ஒவ்வொன்றும் கறுப்பு வளையம் போட்ட வெள்ளை முத்து. கண்ணுக்கு அழகு. இங்கே வளையம் இல்லை, பளிச்சென்றும் இல்லை. ஆனால் உருண்டையும் இல்லை. ஓரங்கள் நேராக இருந்தன. ஓரம் ஓரத்தைச் சந்தித்த இடத்தில் மூலை இருந்தது. பட்டை தீட்டிய கல் மாதிரி ஒவ்வொரு குமிழியும் தட்டைத் தட்டையான முகங்களோடு இருந்தது.

"சம்பந்தி!" என்று மேடம் போட்ட கூச்சலில் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். யாருக்கோ சூடு பட்டுவிட்டது என்றே நினைத்தார்கள்.

சார் தரையில் கிடந்த டப்பாக்களைப் பார்த்தார். வருங்காலச் சம்பந்தி தன் வீட்டு அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதையும் பார்த்தார்.

"இதுல மூலை இருக்கு!"

"அது கெட்டுப்போன படம் மேடம். வளையமே விழல பாருங்க. கொஞ்சம் ஃபோகஸைத் தள்ளி வச்சாத்தான் வளையம் விழும், குமிழி பளிச்சுன்னு தெரியும். இதெல்லாம் சரியா ஃபோகஸ் வச்சு எடுத்தது, மங்கிப் போச்சு."

"திருப்பிச் சொல்லுங்க."

"எதை?"

"எந்தப் படம் சரியா ஃபோகஸ் வச்சு எடுத்தது?"

சார் வாயைத் திறந்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அலமாரி முன் குனிந்தார்.

"ஃபோகஸைத் தள்ளி வச்சா," என்று மெதுவாகச் சொன்னார், பாதி தனக்கே சொல்வதுபோல, "மூலையெல்லாம் கரைஞ்சு வட்டமாத்தான் தெரியும்." கொஞ்சம் யோசித்து, "மூலை தெரிஞ்சப்பல்லாம் அமிலம் அரிச்ச தழும்புன்னு நினைச்சேன்," என்றார்.

"அழகா இருக்கிறதை மட்டும் எடுத்துக்கிட்டு வந்து காட்டினீங்க."

"ஆமா."

"நானும் அதை நம்பி, உருண்டையாவே அடுக்கி ஓட விட்டுட்டிருந்தேன்." மேடம் தரையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "உருண்டை நல்லா உருளும் சார்."

மேடத்தின் கணவர் வாசற்படியில் நின்று அறிவித்தார்: "தேநீர் வண்டி ரத்து செய்யப்பட்டுள்ளது."

அன்று கல்யாணத் தேதி குறிக்கப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் பெண் வீட்டார் ஒருவரும் அடுப்புப் பக்கத்துத் தரையில் உட்கார்ந்து படங்களைப் பரப்பிக்கொண்டிருந்ததால், தேதியைப் பற்றிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. புறப்படும்போது சார் வீட்டம்மா ஒன்றே ஒன்று சொன்னார்: "தாளை எடுத்துட்டுப் போறீங்க, சரி. புதுத் தாள் யார் வாங்கித் தருவாங்க?"

அடுத்த வாரத்திலிருந்து நிலையத்தில் ஒரு வினோதம் நடந்தது. சார் மூன்றாம் மாடிக்கு ஏறினார். மேடம் அடித்தளத்துக்கு இறங்கினார். பார்த்தவர்கள் முதலில் நம்பவில்லை, பிறகு பயந்தார்கள். சார் தன் அலமாரிகளைத் திறந்து, கழித்துப் போட்ட கோப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எதிலெல்லாம் ஃபோகஸ் சரியாக இருந்ததோ அதிலெல்லாம் மூலை இருந்தது. ஒவ்வொரு மூலையும் அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. சாருக்கு அந்த நாட்களில் சோறு சரியாக இறங்கவில்லை என்று சார் வீட்டம்மா பிற்பாடு சொன்னார்.

மேடத்துக்கும் அப்படித்தான். உருண்டையாக அடுக்கிய குமிழிக்குத் தன் இயல்பான உருவத்துக்கு வந்து சேர நேரமே கொடுக்கவில்லை என்பது இப்போது விளங்கியது. கண் இமைக்கிற நேரத்துக்குள் அது உருண்டையாகவே நகர்ந்திருக்கிறது. அதைப் பார்த்து வேகத்தை அளந்து, அந்த வேகத்தை வருடக்கணக்கில் நீட்டியிருக்கிறார். இத்தனை வருடம் யாரும் கேட்காத கேள்வியைத் தானும் கேட்காமல் விட்டதுதான் அவரை உறுத்தியது.

இந்த முறை பட்டை பட்டையாகக் குமிழியை அடுக்கி ஓடவிட்டார். அது ஓடவில்லை.

"வாங்க, வந்து பாருங்க," என்று சாரைக் கூப்பிட்டார். "சூட்டை நிஜத்தைவிட நல்லா ஏத்தி வச்சிருக்கேன். இல்லாட்டி இதைப் பார்த்துக்கிட்டே நாம இரண்டு பேரும் ஓய்வு பெற்றுடுவோம்."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் மேடத்தின் திரையை அவர் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை. திரையின் நடுவில் குமிழி. அதன் சுவரெல்லாம் உலோக அணுக்கள், மணி கோத்த மாதிரி.

"குமிழி எப்படி நகரும்னு தெரியுமில்ல?" என்றார் மேடம். "இந்தச் சுவர்ல இருக்கிற அணு கழண்டு, உள்பக்கமாவே தவழ்ந்து போய், எதிர்ச் சுவர்ல ஒட்டிக்கணும். இப்படி ஒரு வரிசை முழுக்கக் குடி மாறினா, ஓட்டை இந்தப் பக்கமா ஒரு அடி எடுத்து வச்ச மாதிரி."

"தெரியும். அது தெரியாமலா இத்தனை நாள் சண்டை போட்டேன்?"

"உருண்டையா இருந்தா சுவர் முழுக்கப் படி படியா இருக்கும். அணு எங்க வேணும்னாலும் போய் ஒட்டிக்கும். இது தட்டைச் சுவர். போற அணுவுக்குப் பிடிச்சுக்க ஒரு பிடிமானம் இல்ல. பாருங்க."

ஓர் அணு மூலையிலிருந்து கழன்று வந்தது. தட்டைச் சுவர் முழுக்க அலைந்தது. ஓரிடத்திலும் நிற்க முடியாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போயிற்று. இன்னொன்று வந்தது. அதுவும் போயிற்று.

"வாடகைக்கு வீடு பார்க்கிறவங்க மாதிரி இருக்கு," என்றார் சார்.

வெகுநேரம் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு முறை இரண்டு அணுக்கள் தட்டைச் சுவரில் தற்செயலாகச் சந்தித்து ஒட்டிக்கொண்டன. சார் முன்னால் சாய்ந்தார். அவையும் பிரிந்துவிட்டன. "அட," என்றார், உண்மையான வருத்தத்தோடு. பிறகு மூன்று சேர்ந்தன. நான்காவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்கப்புறம் கடகடவென்று ஒரு வரிசை நிரம்பியது. குமிழி ஒரே ஓர் அடி நகர்ந்து, மறுபடியும் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்துவிட்டது.

"நகர்ந்துடுச்சு," என்றார் சார். தன் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"நகர்ந்துச்சு. ஆனா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்துச்சு, பார்த்தீங்கல்ல?" என்றார் மேடம். அவர் குரலிலும் பழைய காரம் இல்லை.

புது வேகத்தைப் போட்டுப் பெரிய கணக்கை ஓட்டினார்கள். வெற்றியோடு இறங்கி வர வேண்டிய மேடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"கடுகு வரல."

"பட்டாணியேதானா?"

"இல்ல. இப்ப கசகசா வருது. உங்க கடுகைவிடச் சின்னது."

சார் அசடு வழிய மூக்கைத் தேய்த்தார். "அந்த வளையத்தோட வெளி ஓரத்தைத்தான் நான் இத்தனை நாளும் அளந்தேன். ஃபோகஸைத் தள்ளி வச்சா அது நிஜத்தைவிடப் பெருசாத் தெரியும். மூலை தெரியிற படத்துல அளந்து பார்த்தா..."

"பார்த்தா?"

"கசகசாதான் மேடம்."

மேடம் வாய்விட்டுச் சிரித்ததை அடித்தளத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

இதற்கிடையில் சின்னவர்கள் இருவரும் கவலையில் இருந்தார்கள். "சண்டை போட்டுக்கிட்டிருந்தப்பகூட இவ்வளவு பயம் இல்லம்மா," என்றாள் மகள். "இப்ப நீ சாப்பாட்டு வேளையில அவருக்கு போன் போட்டுச் சிரிக்கிற. எங்க கல்யாணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசுறியா?"

"பேசறேன் பேசறேன். மதிப்பாய்வுக் கூட்டம் முடியட்டும்."

"மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா, இல்ல மாப்பிள்ளையோட அப்பாவோட குமிழியைப் பிடிச்சிருக்கா?"

மேடம் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். வெட்கப்பட்டார் என்றுதான் கணவர் எல்லோரிடமும் சொல்லி வந்தார்.

உண்மையில் மேடத்துக்கு அந்தக் கூட்டத்தை நினைத்தாலே பயமாக இருந்தது. தன் கணக்கை நம்பித்தான் வடிவமைப்புப் பிரிவு குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தது. அது தப்பு என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். சாருக்கும் அதே பயம். இருவரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: பழியை முதலில் தான் ஏற்றுக்கொண்டுவிட வேண்டும், சம்பந்தி பெயர் கெடக் கூடாது.

விளைவு, கூட்டம் தொடங்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"தப்பு என்னுடையது," என்றார் மேடம். "உருவத்தைச் சரிபார்க்காம வேகத்தை அளந்துட்டேன்."

"தப்பு என்னுடையது," என்றார் சார். "உருவத்தைக் காட்டின படத்தையெல்லாம் நான்தான் தூக்கிப் போட்டேன். மேடம் பாவம், நான் கொடுத்ததை வச்சுத்தானே கணக்குப் போட்டாங்க."

"என்ன பாவம்? நீங்க கொடுக்காட்டி என்ன, நான் கேட்டிருக்கணும்ல?"

"நீங்க ஏன் கேட்கணும்? படம் என் பொறுப்பு."

"கணக்கு என் பொறுப்பு! நடுவுல வராதீங்க!"

"நான் நடுவுல வரலை மேடம், நீங்கதான்..."

கூட்டத்தை நடத்துபவர் பழக்கதோஷத்தில் தேநீர் கொண்டுவரச் சொன்னார். வடிவமைப்புத் தலைவி இரண்டு கைகளையும் தூக்கினார்.

"யார் தப்புன்னு அப்புறம் சண்டை போடுங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நான் கழற்றிப் போட்ட குழாயெல்லாம் நல்ல குழாயா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும்," என்றார் மேடம். "நான் பயமுறுத்தினதைவிட மெதுவாத்தான் உப்பும்."

"அப்ப இனிமே கூட நாள் வைக்கலாமா?"

"உடனே வேண்டாம்," என்றார் சார் முந்திக்கொண்டு. "நடுவுல இருக்கிற குமிழியைத்தான் இப்ப புரிஞ்சுக்கிட்டோம். உலோகத்துல பரல் பரலா இருக்குமில்ல, ஒரு பரலும் இன்னொரு பரலும் சேர்ற எல்லை, அங்க ஒட்டிக்கிட்டு இருக்கிற குமிழியோட குணம் வேற. விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். அதைப் பார்க்காம நாளைக் கூட்டக் கூடாது."

"அவர் சொல்றது சரி," என்றார் மேடம்.

பின்வரிசையில் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், இதைத் தான் சரியாகத்தான் கேட்டோமா என்று கேட்டார். தலைவி தேநீரை ஒரு வாய் குடித்தார். தப்பு நடந்தாலும் பத்திரமான பக்கமாக நடந்ததே என்று பெருமூச்சு விட்டார். பிறகு எல்லையில் இருக்கும் குமிழிகளைப் பற்றி இருவருமே சேர்ந்து ஒரே அறிக்கை தர வேண்டும், இரண்டு அறிக்கை தந்தால் இரண்டையும் படிக்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கல்யாணம் அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் எளிமையாக நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளை பதற்றத்தில் தன் பெயரைத் தப்பாக எழுதி அடித்துத் திருத்தினான். மேடத்தின் கணவர், இணைப்பு வண்டி குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தது என்று அறிவித்து, அலுவலரிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார். சார் வீட்டம்மாவுக்குக் கண் கலங்கியது. மேடத்துக்கும் கலங்கியது. சார் மட்டும் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பக்கத்தில் இருந்த உணவகத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். முன்னெச்சரிக்கையாகச் சம்பந்திகள் இருவருக்கும் நடுவில் அறிவிப்பாளரையும் மருந்துக்கடையம்மாவையும் உட்கார வைத்திருந்தார்கள். பரிமாறி முடிந்து, மணமக்களை வாழ்த்தி நாலு வார்த்தை பேசி, எல்லோரும் சாப்பிட ஆரம்பித்த பிறகு, சார் சட்டைப்பையில் இருந்த படத்தைப் பாதி வெளியே இழுத்தபடி இரண்டு பேரின் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தியம்மா, நேத்து சாயங்காலம் ஒரு துண்டு பார்த்தேன். எல்லையில இருக்கிற குமிழிங்க. உங்க புதுக் கணக்கு சொல்றதைவிடப் பெருசா இருக்கு."

"இன்னிக்கு வேண்டாம்," என்றார் மேடம், அவர் பக்கம் திரும்பாமல். "இன்னிக்கு நான் பொண்ணோட அம்மா."

"சரி சரி. திங்கட்கிழமை பார்த்துக்கலாம்."

மேடம் ஒரு கவளம் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். மகள் ஏதோ சொன்னதற்குத் தலையாட்டினார், என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை. எதிரில் மாப்பிள்ளை சிரித்தான், அவனைப் பார்த்தும் சிரித்து வைத்தார். பிறகு கணவரின் முதுகுக்குப் பின்னால் மெல்லச் சாய்ந்தார்.

"எவ்வளவு பெருசு?"